நார்வே கரையோரக் கப்பலும் அதில் ஏறி இறங்கிய மனிதர்களும்

பெர்கனில் ஏறி, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கெனெஸ் வரை போய்த் திரும்பும் கப்பலைப் பற்றி எழுதுகிறேன். போக வர 12 நாள், வழியில் 34 துறைமுகங்கள். படங்களில் மலையும் அருவியும்தான் தெரியும். அவற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் என் மனதில் நின்றது, கால் மணி நேரம் மட்டும் நிற்கும் சின்னச் சின்னத் துறைகளில் ஏறி இறங்கிய ஆட்கள்தான்.

இந்தத் தடம் சுற்றுலாவுக்காகத் தொடங்கியதில்லை. 1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பலை ட்ரொன்ஹைமிலிருந்து வடக்கே உள்ள ஹாமர்ஃபெஸ்டுக்கு ஓட்டினார். அதற்கு முன் குளிர்காலத்தில் வடக்கே ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகுமாம். இன்றைக்கு ஹூர்த்திக்ரூட்டன், ஹாவிலா என்று இரண்டு நிறுவனங்கள் அரசு ஒப்பந்தத்தில் 11 கப்பல்களை ஓட்டுகின்றன. நம்மைப் போன்றவர்களுக்குக் கேபின். உள்ளூர்க்காரர்கள் பக்கத்து ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்து, பையோடு ஏறி, ஒரு காபி குடித்துவிட்டு இறங்கிப் போகிறார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்தே வளர்ந்தவன். அதனால் ஒவ்வொரு துறையிலும், நடுராத்திரியாக இருந்தாலும், மேல்தளத்துக்கு வந்துவிடுவேன். கப்பலின் பக்கக் கதவு திறக்கும், ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் வரும், மீன் பெட்டிகள், மரச் சட்டங்கள், ஒரு முறை புத்தம் புதுச் சோபா ஒன்று. கயிற்றை அவிழ்ப்பதும் கிளம்புவதும் அவ்வளவு வேகம்.

ஜூன் முதல் வாரம் நானும் மனைவியும் போனோம். கோடை என்பதால் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல் கைக்குள், கப்பல் போனது. ஏழு சகோதரிகள் அருவியை எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பண்ணை வீடுகளை. ஸ்காகெஃப்ளோ என்ற பண்ணைக்கு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டுமாம். வரி வசூலிக்க ஆள் வருவது தெரிந்தால் ஏணியை மேலே இழுத்துவிடுவார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கெய்ராங்கரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அதோடு விடுகிறேன்.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும்போது கடலரசன் வேடத்தில் ஒருவர் வந்து, விருப்பப்பட்டவர்களின் சட்டைக் காலருக்குள் ஒரு கரண்டி ஐஸ் போடுவார். கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அதே வட்டத்தில் ஒரு கரண்டி மீன் எண்ணெய் தருவார்கள். கரண்டியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

லோஃபோட்டன் தீவுகளில் ஸ்வோல்வர் என்ற துறையில் ஒரு மணி நேரம் போல நின்றது. எங்கள் சாப்பாட்டு மேசையில் இத்தாலியின் விச்சென்சா ஊர்க்காரர் ஒருவர் மனைவியோடு உட்காருவார். இருவருக்கும் அறுபதுக்கு மேல். ட்ரொன்ஹைம் வரை 'காலை வணக்கம்' அளவுக்குத்தான் பேச்சு. ஸ்வோல்வரில் இறங்கியதும் அந்த மனிதர் நேராக மீன் காயப்போடும் மரச் சட்டங்களைத் தேடிப் போனார், நானும் பின்னாலேயே போனேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் காட் மீனைப் பிடித்து, தலையை வெட்டி, வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எங்கள் ஊர்க் கருவாட்டுக்கு உப்பில்லாமல் முடியாது. இங்கே ஒரு கல் உப்புகூடக் கிடையாது, உறையும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர்காற்றே காயவைத்துவிடுகிறது. ஜூன் மாதம் காய்ந்த மீனை இறக்கும் பருவம், பாதிச் சட்டங்கள் காலி. மிச்சம் தொங்கிய மீனைத் தட்டிப் பார்த்தால் விறகுக்கட்டை போலச் சத்தம்.

அந்த இத்தாலிக்காரருடைய ஊரில் இந்த மீனைப் பல நாள் தண்ணீரில் ஊறவைத்து, வெங்காயம், பால், எண்ணெய் விட்டு மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகவைப்பார்களாம். 1432-இல் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் கப்பல் உடைந்து, லோஃபோட்டனின் கோடியில் உள்ள ரோஸ்ட் தீவில் கரையொதுங்கினார். அங்கிருந்த மீனவர்கள்தான் காப்பாற்றினார்கள். இந்த மீனை இத்தாலிக்கு அறிமுகப்படுத்தியவர் அவர் என்று சொல்வார்கள். விச்சென்சாக்காரர் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே மீன்மேல் கையை வைத்து, "என் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் சமைப்பாள்" என்றார். நாற்பது வருடமாகப் பார்க்க நினைத்த இடமாம். மீன் தலைகளைத் தனியே காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே சூப்புக்குப் போகிறது. எதையும் வீணாக்காத தொழில் என்று எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அன்று இரவு பதினொன்று வாக்கில் ட்ரோல்ஃபியோர்டுக்குள் போனோம். வாயில் சுமார் நூறு மீட்டர்தான் அகலம், நீளம் இரண்டு கிலோமீட்டர். கோடியில் போய்க் கப்பல் நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புகிறது. பாறையில் வழியும் தண்ணீரின் சத்தம் தளத்தில் கேட்டது. இந்த இடத்தில்தான் 1890-இல் நீராவிக் கப்பல் வைத்திருந்தவர்கள் வாயை மறித்து உள்ளே இருந்த மீனைத் தங்களுக்கே என்று வைத்துக்கொள்ளப் பார்க்க, துடுப்புப் படகு மீனவர்கள் சண்டைபோட்டு உள்ளே புகுந்தார்கள். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடக்கும் தகராறைப் பார்த்த எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிர்க்கெனெஸில் கப்பல் திரும்பியது. அடுத்த துறை வார்டோ, மரமே இல்லாத தீவு. நின்ற நேரத்தில் ஓட்டமும் நடையுமாக ஸ்டெய்ல்னெசெட் நினைவிடத்துக்குப் போய் வந்தோம். 17-ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டிக் கொன்ற 91 பேருக்காகக் கட்டியது, அதில் 77 பேர் பெண்கள். துணியால் ஆன நீளமான ஒரு கூடத்தில் ஆளுக்கொரு சின்ன ஜன்னல், ஒரு பல்பு, அவர்மேல் சொன்ன குற்றமும் கொடுத்த தண்டனையும். என் மனைவி கால்வாசிகூடப் படிக்கவில்லை, கப்பல் கிளம்பும் நேரமாகிவிட்டது. அதற்காகவே இன்னொரு தடவை போக வேண்டும் என்கிறாள்.

வார்டோவிலிருந்து கிளம்பிக் காபி வாங்க நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "நீங்கள் தமிழோ?"

திரும்பினால் தடித்த ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக ஓர் அம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும்.

"ஆமாக்கா. தூத்துக்குடி."

"நான் யாழ்ப்பாணம், குருநகர். அப்ப நீங்களும் கடற்கரை ஆக்கள்தான்" என்று சொல்லி எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். போட்ஸ்ஃபியோர்டு வரை மூன்று மணி நேரம்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து நிறையப் பேர் மாணவர் விசாவிலும் அகதிகளாகவும் நார்வே வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் பலர் நார்வேயின் வடகோடி மாவட்டமான இந்த ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தது தெரியாது. அவருடைய கணவர் முதலில் வந்தார், கல்யாணமாகி இவரும் வந்தார். வந்த மாதமே ஆலையில் வேலை. என்ன வேலை என்று கேட்டேன். மேசையில் இருந்த பேப்பர் நாப்கினை விரித்து, காபிக் கரண்டியைக் கத்தி மாதிரி பிடித்துக் காட்டினார். "கீழயிருந்து லைட் அடிக்கிற மேசை. மீன் துண்டை அதில விரிச்சால் உள்ளுக்க இருக்கிற முள்ளும் புழுவும் நிழலாத் தெரியும். கத்தி நுனியால சதை பிய்யாமல் எடுக்கவேணும். இரண்டு சோடி கையுறை போட்டும் விரல் விறைச்சுப்போகும், தம்பி." ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கத்தி அழுத்திய தழும்பு இன்னும் கடினமாக இருந்தது. என் மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு காலத்தில நிறையத் தமிழ்க் குடும்பம். சனிக்கிழமையில பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிச்சனாங்கள். பிள்ளையள் வளர எல்லாரும் ஒஸ்லோவுக்குப் போயிட்டினம். இப்ப ஆலையில லித்துவேனியா ஆக்கள்."

"நீங்க ஏன்க்கா போகல?" என்று என் மனைவி கேட்டாள்.

"அவரை இஞ்சதான் அடக்கம் பண்ணினது. நான் போனால் அங்க ஆர் போறது?" என்றார். உடனே எங்கள் ஊரில் சீலா மீன் இப்போது என்ன விலை என்று கேட்டார். மூன்று மணி நேரமும் அப்படித்தான் போனது. போட்ஸ்ஃபியோர்டில் இறங்கிப் போகும்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி அவருக்குக் கையசைத்தார், இவர் ஏதோ நார்வே மொழியில் சொல்ல அவர் சிரித்தார்.

மறுநாள் விடிகாலை ஹொன்னிங்ஸ்வோகில் ஒரு பெரியவர் ஏறினார். ஹாமர்ஃபெஸ்ட் மருத்துவமனைக்குக் கண் காட்டப் போகிறார். 1944 கடைசியில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஃபின்மார்க்கை ஊர் ஊராகக் கொளுத்திவிட்டுப் போனது, சுமார் 50,000 பேரைத் தெற்கே துரத்தியது. அவர் அப்போது கைக்குழந்தை. ஹொன்னிங்ஸ்வோகில் மிஞ்சிய ஒரே கட்டிடம் தேவாலயம். போர் முடிந்து திரும்பியவர்கள் அதற்குள்ளேயே குடியிருந்தார்கள், ரொட்டியும் அங்கேதான் சுட்டார்கள். "என் அம்மா ரொட்டி வாங்கியது அங்கேதான்" என்று ஜன்னல் வழியே வெள்ளைக் கோபுரத்தைக் காட்டினார். நார்த் கேப் என்ற வடகோடிப் பாறைக்குப் பேருந்தில் போகக் காட்டும் அவசரத்தில் பாதிப் பயணிகள் அந்தத் தேவாலயத்தைப் பார்ப்பதே இல்லை. துறையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

போக நினைப்பவர்களுக்கு: காசு இருந்தால் போக வர இரண்டு வழியும் போங்கள். போகும்போது இரவில் தாண்டும் ஊர்கள் பல, வரும்போது பகலில் வரும். காசு இடித்தால் கேபின் இல்லாமல் இரண்டு மூன்று துறைகளுக்கு நடுவே பகல் பயணம் எடுக்கலாம், போடோவிலிருந்து ஸ்வோல்வர் அதற்கு நல்லது. ஸ்டாட் முனையிலும் வெஸ்ட்ஃபியோர்டிலும் திறந்த கடல் ஆட்டும், வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும்.

—

மேலே எழுதியவர் போனது ஜூன், நான் போனது ஜனவரி ஆரம்பம். ட்ரோம்ஸோவில் அப்போது சூரியனே எழாது, மதியத்தையொட்டிச் சில மணி நேரம் ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான். ட்ரோம்ஸோவில் ஏறிய ஒரு நர்ஸ், வேலை முடிந்து ஷெர்வோயில் இருக்கும் வீட்டுக்குப் போகிறார், முன்பக்கக் கண்ணாடிக் கூடத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்கிவிட்டார். ஒன்பது மணிக்கு ஸ்பீக்கரில் வட ஒளி தெரிகிறது என்று அறிவிப்பு. மொத்தக் கூடமும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடியது. எழுப்பலாமா என்று நான் தயங்கி நின்றேன், கப்பல் ஊழியர் ஒருவர் வேண்டாம் என்று சைகை காட்டினார். பச்சையாக வானத்தில் அது நெளிந்ததை அரை மணி நேரம் பார்த்தேன், கை மரத்துவிட்டது. உள்ளே வந்தால் அவர் இன்னும் தூங்குகிறார். ஷெர்வோய் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அதே ஊழியர் வந்து தோளைத் தொட்டு எழுப்பினார். யார் எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வட ஒளி பார்த்தீர்களா என்று அந்த நர்ஸிடம் நான் கேட்டேன். "இன்றைக்கும் வந்ததா?" என்றார் இயல்பாக.

எதிரே இன்னொரு கரையோரக் கப்பல் வந்தால் இரண்டும் மூன்று முறை ஊதிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். எத்தனை மணியானாலும் தளத்துக்குப் போய்க் கையசையுங்கள், எதிர்க் கப்பலிலும் யாராவது நிற்பார்கள்.

—

இரண்டையும் வாசித்தேன். நான் போட்ஸ்ஃபியோர்டுக்குப் பக்கத்துத் துறையான பெர்லெவோகில் வளர்ந்தவள், இப்போது ஒஸ்லோ. என் அம்மாவும் அதே லைட் மேசையில் பதினைந்து வருடம் நின்றவர், அவர் விரலிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கப்பல் பஸ் மாதிரித்தான். அரிசி மூட்டையும் மிளகாய்த்தூளும் அதில்தான் வரும். பெர்லெவோக் திறந்த கடலைப் பார்த்த ஊர். நாலுகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அலைதடுப்பு கட்டியிருக்கிறார்கள், அப்படியும் பெரும் புயலில் கப்பல் உள்ளே வராமல் தாண்டிப் போய்விடும். ஹாமர்ஃபெஸ்ட் மருத்துவமனைக்குப் போன அப்பா ஒருமுறை அப்படித்தான் ஊரைத் தாண்டிப் போய்விட்டார். நானும் அம்மாவும் துறையில் நிற்கிறோம், கப்பல் விளக்குத் தெரிகிறது, ஆனால் நிற்கவில்லை. அவர் போட்ஸ்ஃபியோர்டில் இறங்கி, அங்கிருந்த ஒரு தமிழ் வீட்டில் படுத்து, அடுத்த நாள் தெற்கே வந்த கப்பலில் வந்தார். அந்த வீட்டு அக்கா கட்டிக் கொடுத்த இடியப்பம் எங்களுக்கும் சேர்த்து வந்தது.

அடுத்த கோடையில் என் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். கிர்க்கெனெஸ் வரை விமானம், அங்கிருந்து கப்பல், போட்ஸ்ஃபியோர்டில் ஒரு இரவும் பெர்லெவோகில் இரண்டு இரவும். அந்த குருநகர் அக்காவை விசாரித்துப் பார்ப்பேன், அவ்வளவு சின்ன ஊரில் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.