மறுமொழி: பொதுத் தொல்லியலா, மக்கள் தொல்லியலா?

அனைவருக்கும் வணக்கம். தொல்லியலில் பொதுமக்களுக்கு உள்ள பங்கைக் குறிக்கும் ‘பப்ளிக் ஆர்க்கியாலஜி’ (public archaeology) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கேள்விக்கு இது என் பதில்.

> ‘பப்ளிக் ஆர்க்கியாலஜி’க்குப் ‘பொதுத் தொல்லியல்’ போதாதா? பொது நூலகம், பொதுப்பணி எல்லாம் பழகிய சொற்கள்தானே.

ஐயா, அந்தப் பழக்கம்தான் எனக்குத் தடையாக இருக்கிறது. பொது அறிவு, பொது மருத்துவம் என்றும் சொல்கிறோம். அந்த வழக்கத்தில் ஒரு மாணவர் ‘பொதுத் தொல்லியல்’ என்று படித்தால், தொல்லியலின் அடிப்படைப் பாடம் என்றே நினைப்பார். சரி, பொதுப்பணி வழியில் எடுத்துக்கொண்டால்? அரசு செய்யும், நாம் பயன்படுத்திக்கொள்வோம் என்றாகிவிடும். 1972இல் அமெரிக்கத் தொல்லியலாளர் சார்லஸ் மெக்கிம்சி ‘பப்ளிக் ஆர்க்கியாலஜி’ என்ற தலைப்பில் நூல் எழுதியபோது கருதியது ஏறக்குறைய அதைத்தான்: பழஞ்சின்னங்களைக் காப்பது அரசின் பொறுப்பு, அதற்குச் சட்டமும் நிதியும் வேண்டும். இன்று பொருள் அதைத் தாண்டி வந்துவிட்டது: அந்தந்த இடத்து மக்களும் ஆய்வில் பங்கெடுப்பது என்றாகிவிட்டது.

ஒசெட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் மக்கா பழங்குடியினர் வாழ்ந்த ஊர் அது. முன்னொரு காலத்தில் மண்சரிவில் புதைந்த மரவீடுகள் 1970இல் புயலில் கரை அரித்தபோது வெளியே தெரிந்தன. பேராசிரியர் ரிச்சர்ட் டாகர்ட்டியை வரச்சொல்லி அழைத்தது பழங்குடியினரின் மன்றம்தான். 11 ஆண்டுகள் தோண்டினார்கள். அவர்களுடைய இளைஞர்களும் அதில் வேலை செய்தார்கள். கிடைத்த 55,000க்கும் மேற்பட்ட பொருள்கள் தொலைதூர நகரத்துக்குப் போய்விடவில்லை. 1979இல் நியா பே என்ற தங்கள் ஊரிலேயே அருங்காட்சியகம் திறந்து அங்கே வைத்துக்கொண்டார்கள். சேமிப்பறையில் பொருள்களை அடுக்கும் முறையைக்கூட மக்கா மொழியின் சொல்வகைகளை ஒட்டி அமைத்தார்கள். கலைச்சொல்லுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் நமக்கு இதைவிடப் பெரிய செய்தி ஏது!

யார் அழைத்தார்கள், யார் வந்தார்கள் என்பது அங்கே தெளிவு. நம் சொல்லிலும் அது தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

இதனால்தான் முதலில் ‘ஊரார் தொல்லியல்’ என்று எழுதி வைத்தேன். காதுக்கு இதமாக இருந்தது. யாருடையது என்ற கேள்விக்கும் பதில் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: நம் கிராமங்களில் ‘ஊர்’ என்றால் சேரி அதில் சேராது. அகழாய்வுக் குழியில் இறங்கி மண் அள்ளுகிறவரை, பானை ஓட்டைக் கழுவி எடுக்கிறவரை வெளியே நிறுத்திவிடக்கூடிய சொல்லை இதற்கு வைக்கக் கூடாது. அதை நானே விலக்கிக்கொள்கிறேன்.

‘சமூகத் தொல்லியல்’ வேண்டாம். பழங்காலச் சமூக அமைப்பை ஆராய்வது என்ற பொருளுக்கு அது தேவைப்படும்.

ஆகவே ‘மக்கள் தொல்லியல்’. ஊர்க்காரர்களே முன்னின்று நடத்துவதைத் தனியாகக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘மக்கள் நடத்தும் அகழாய்வு’ என்று விரித்தே எழுதலாம். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லில் அடைக்க வேண்டியதில்லை.

வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தேன். ‘மக்கள் தொல்லியல் திட்டம்’ நன்றாக நிற்கிறது. ‘மக்கள் தொல்லியலாளர்’ இடறுகிறது: துறை அறிஞரா, ஊர்க்காரரா என்று புரியவில்லை. அதற்கு வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.