எதிர்வெளிச்சத்தில் பறவை: ஃபிளாஷ் போட்டால் படமே வெளுக்கிறது, அவசரம்

கதிர்முனை:
காலையிலிருந்து முட்டிமோதுகிறேன். மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்திருக்கிறது, வெயில் அதன் முதுகுக்குப் பின்னால். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் பறவை கரிக்கட்டை. ஃபிளாஷ் போட்டால் வானமெல்லாம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி. ஃபிளாஷ் பழுதா? நாளையும் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

இலைமறைவு:
எவ்வளவு தூரம்? என்ன மோடு? ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்)? இவை தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

நீர்க்காகம்:
ஃபிளாஷின் வலு அதிகம், வேறொன்றுமில்லை. டிடிஎல்லில் (கேமராவே ஃபிளாஷின் வலுவை அளந்து தீர்மானிக்கும் முறை) வைத்து −2 ஸ்டாப் வரை இறக்குங்கள்; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். நிழலைச் சற்றுத் தூக்கினால் போதும்.

பழையகை:
மீட்டரிங் தெரியாமலே ஃபிளாஷ் வாங்கிவிடுகிறார்கள். தம்பி, ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) பறவையை அளந்து எடுங்கள். ஃபிளாஷே வேண்டாம். ஃபிலிமில் எடுத்துப் பழகியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இலைமறைவு:
ஐயா, ஸ்பாட்டில் அளந்தால் பறவை தெரியும், வானம் இன்னும் வெளுக்கும். அவர் அழுவதே வானத்துக்காகத்தான்.

கதிர்முனை:
மன்னிக்கவும். அப்பெர்ச்சர் முன்னுரிமை, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800. தூரம் 12 மீட்டர் இருக்கும். ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொள்கிறது. ஃபிளாஷைப் பொருத்தினால் 1/250 என்று மினுக்குகிறது. அது சாதாரணம்தானே?

இலைமறைவு:
வியாதியே அதுதான்! நல்ல வெயிலில் உங்கள் அளவுகளுக்கு 1/6400 அளவில் வேண்டும். ஃபிளாஷ் ஏறியதும் கேமரா 1/250க்கு மேல் போக மறுக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து ஸ்டாப் கூடுதல் வெளிச்சம், அதுவும் வெயிலிலிருந்து. ஃபிளாஷை −2 அல்ல, −3க்கு இறக்கினாலும் வானம் திரும்பாது. ஹை ஸ்பீட் சிங்க்கை இயக்குங்கள், 1/250ஐவிட வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் வேலை செய்யும். ஃபிளாஷின் வலு நிறையக் குறையும் என்பதை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/250. வழிகாட்டி எண் (ஃபிளாஷின் வலுவைச் சொல்லும் எண், தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும்) 60 உள்ள ஃபிளாஷ் 12 மீட்டரில் முழு வலுவில் எஃப்/5க்குத்தான் தாங்கும், ஆகவே எஃப்/11இல் இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேல் குறைவாக விழும். நிழலைத் தூக்கும் நிரப்பு வெளிச்சத்துக்கு அது மோசமில்லை. பறவை அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீர்க்காகம்:
ஃபிளாஷின் முன்னால் ஃபிரெனல் வில்லை (வெளிச்சத்தைக் குவிக்கும் தட்டையான லென்ஸ்) மாட்டினால் வெளிச்சம் இன்னும் தூரம் போகும்.

இலைமறைவு:
மாட்டலாம். ஆனால் அவர் வெயிலைப் பார்த்து நிற்கிறார். அந்த வில்லை வெயிலைக் குவித்து ஃபிளாஷின் முகத்தையே உருக்கிவிடும். எடுக்காத நேரத்தில் கீழே திருப்பி வையுங்கள்.

தவிட்டுக்குருவி:
பறவையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதே பாவம். யாருமே அதைக் கேட்கவில்லை.

பழையகை:
பட்டப்பகலில் சூரியனையே பார்க்கும் பறவைக்கு இது ஒரு பொருட்டா?

தவிட்டுக்குருவி:
பகலோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். இதே கையால்தான் இரவில் ஆந்தைக்கும் அடிக்கிறார்கள். கூட்டருகிலும் அடிக்கிறார்கள்.

பழையகை:
நான் ஆந்தை எடுத்ததே இல்லை.

தவிட்டுக்குருவி:
உங்களை யார் சொன்னது?

கதிர்முனை:
ஹை ஸ்பீட் சிங்க் அணைந்துதான் இருந்தது. இயக்கினேன், வானம் நீலமாக வந்துவிட்டது. மார்பின் நிறமும் தெரிகிறது. மூன்றாவது படத்தில் பறந்துவிட்டது. நன்றி.

நீர்க்காகம்:
−2 வைத்தீர்களா, இல்லையா?