துனிசிய தினார்: வெளியே ஏன் கிடைப்பதில்லை?

கடலோடி:
அடுத்த மாதம் வேலை விஷயமாக துனிஸ் போகிறேன். கிளம்பும் முன்பே கொஞ்சம் தினார் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், விசாரித்த இடத்தில் எல்லாம் இல்லை என்கிறார்கள். அதோடு ஹோட்டல்காரர் ஒரு இரவுக்கு 185,500 தினார் என்று எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரமா?!

செல்லாக்காசு:
பதற வேண்டாம், அது 185 தினார் 500 மில்லிம். 1 தினாருக்கு 1000 மில்லிம் என்பதால் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வரும், பிரெஞ்சு வழக்கப்படி புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். தினாரை நாட்டுக்குள் கொண்டுவருவதும் வெளியே எடுத்துப்போவதும் அங்கே சட்டப்படி குற்றம், அதனால்தான் வெளியே கிடைப்பதில்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் மாற்றிக்கொள்ளுங்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், மீதியைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள்.

நெடுஞ்செழியன்:
இதெல்லாம் சுற்றுலாப் பயணிகளிடம் கமிஷன் அடிக்கும் வேலை.

பழங்கணக்கு:
அப்படிச் சொல்லிவிட முடியாது. நாட்டின் கையில் இருக்கும் அந்நியச் செலாவணி கைநழுவக் கூடாது என்ற பயம்தான் காரணம், அந்தப் பயம் நியாயமானதும்கூட.

அந்த ஆயிரம் கணக்கு, பிரெஞ்சு ஆட்சியில் பிராங்க் புழங்கிய காலத்து மிச்சம். 1956இல் சுதந்திரம், 1958இல் மத்திய வங்கி, அதே ஆண்டு தினார் சட்டம், 1960இல் புழக்கம். 1000 பிராங்குக்கு 1 தினார் என்று மாற்றியதால் பழைய பிராங்க்தான் மில்லிம் ஆனது. இன்றைக்கும் கடையில் ஐந்து தினாரை 'ஐயாயிரம்' என்று சொல்வார்கள், கேட்டு மிரளாதீர்கள். 1958 டிசம்பரில் பிரான்ஸ் தன் நாணய மதிப்பைக் குறைத்தபோது துனிசியா கூடவே குறைக்க மறுத்துவிட்டது. என்னைக் கேட்டால், சட்டம் போட்ட நாளைவிட அந்த மறுப்பில்தான் தினார் உண்மையில் தனி நாணயமானது. ஆனால் அந்த வீறாப்பு நிலைக்கவில்லை, 1964இல் டாலருக்கு 0.42 தினார் என்பதை 0.525 ஆக்கி மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது.

செல்லாக்காசு:
நோட்டுகளையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் எதை எடுத்தாலும் முதல் ஜனாதிபதி ஹபீப் புர்கிபா முகம்தான். அவர் பதவி போனபின் பழங்காலத் தளபதி ஹன்னிபால், வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் எல்லாம் வந்தார்கள். 2020இல் வந்த 10 தினார் நோட்டில் இருப்பவர் நாட்டின் முதல் பெண் மருத்துவர் தவ்ஹீதா பென் ஷேக். எனக்குப் பிடித்தது அதுதான்.

கடலோடி:
நன்றி. அப்போ அந்த 10 தினாரில் ஒன்றை நினைவுக்கு எடுத்து வரலாமா?

பழங்கணக்கு:
சட்டம் ஒரு நோட்டுக்கும் சேர்த்துதான். படம் எடுத்துக்கொள்ளுங்கள்.