பேய் தேடலுக்கு எந்த வீடியோ கேமரா வாங்கலாம்? (வெண்ணிற உருண்டைகளும் ஊடுருவித் தெரியும் ஓர் உருவமும்)

நள்ளிரவு நடை:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் இருவரும் ஓராண்டாக, ஆள் குடியில்லாத பழைய கட்டடங்களில் உரிமையாளரின் அனுமதி பெற்று இரவு முழுவதும் தங்கி, அங்கே ஏதேனும் தென்படுகிறதா என்று பதிவு செய்து வருகிறோம். எங்களிடம் இருப்பவை இரண்டு கேமராக்கள். ஒன்று, லென்ஸுக்கு மேலேயே அகச்சிவப்பு விளக்கு பொருத்தப்பட்ட பழைய கைக்கேமரா. மற்றது, புகைப்படம் எடுப்பதற்காக வாங்கியது. கைக்கேமராவில் ஒவ்வோர் இரவும் வெண்ணிற உருண்டைகள் மிதந்து செல்கின்றன. ஃபோகஸ் ஓயாமல் முன்னும் பின்னும் அலைகிறது. புகைப்படக் கேமராவோ சரியாக 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடுகிறது.

சென்ற மாதப் பதிவு ஒன்றுதான் என்னை இங்கே எழுத வைத்தது. தாழ்வாரத்தின் கோடியில் உள்ள கதவருகே, அதிகாலை 2.40 மணிக்கு, வெளிறிய உடையணிந்த ஓர் உருவம் இடமிருந்து வலமாகக் கடக்கிறது. அதன் உடலூடே கதவு நிலையின் கோடு தெரிகிறது. அன்று எங்கள் மூவரில் ஒருவரும் வெள்ளை உடுத்தியிருக்கவில்லை.

இனி ஒழுங்கான கேமரா ஒன்றை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். முழு நிறமாலைக் கேமரா, தெர்மல் கேமரா, குறைந்த ஒளியில் நன்றாக எடுக்கும் சாதாரண வீடியோ கேமரா ஆகிய மூன்றில் எதை வாங்குவது?

தூசிதட்டி:

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தானியங்கி முறையில் விடப்பட்ட கேமராவும் இருட்டில் அரண்டவனைப் போலத்தான் நடந்துகொள்கிறது என்பதால் உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அன்று 2.40 மணிக்கு நீங்கள் மூவரும் எங்கே இருந்தீர்கள், என்ன உடுத்தியிருந்தீர்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

இருட்டறை:

உருண்டைகளை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதற்குப் புதிய கேமரா தேவையில்லை. உங்கள் விளக்கு லென்ஸை ஒட்டியே இருக்கிறது. லென்ஸிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் மிதக்கும் ஒரு தூசியின் மீது, 5 மீட்டர் தொலைவில் உள்ள சுவரின் மீது விழுவதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு செறிவான ஒளி விழுகிறது. தொலைவு நூறு மடங்கு கூடினால் ஒளி நூற்றின் இருமடிக்குக் குறையும் என்பது பள்ளியில் படித்த கணக்குதான். அந்தத் தூசி ஃபோகஸுக்கு வெளியே இருப்பதால் புள்ளியாகத் தெரியாமல் வட்டமாக விரிகிறது. வட்டத்தின் வடிவம் லென்ஸின் துவாரத்தைப் பொறுத்தது என்பதால், துவாரம் அறுகோணமாக இருக்கும் கேமராவில் உருண்டையும் அறுகோணமாகவே தெரியும். சிறிய சென்சார் கொண்ட கேமராக்களில் இந்தத் தொல்லை அதிகம். பெரிய சென்சாரில் அதே தூசி அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கிப் பரவிவிடும். சிறியதில் அளவான, பளிச்சென்ற உருண்டையாக நிற்கும்.

உள்விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றை ஒன்றரை மீட்டராவது பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். அப்படியும் உருண்டை வந்தால் அதன் பிறகு பேசுவோம்.

விளக்கு வாங்கும்போது அலைநீளத்தைப் பாருங்கள். 850 நானோமீட்டர் விளக்கை நேராகப் பார்த்தால் மங்கிய சிவப்புக் கங்கு போலத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்கே தெரியாது. ஆனால் சிலிக்கான் சென்சாரின் உணர்திறன் 940-இல் கணிசமாகக் குறைந்துவிடும், 1,100 நானோமீட்டர் அளவில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஆகையால் மறைந்திருக்க வேண்டிய தேவை இல்லாதவரை 850 போதும்.

நள்ளிரவு நடை:

மிக்க நன்றி ஐயா. தூசிதட்டி அவர்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கேமராவுக்குப் பின்னால் அமர்ந்திருந்தேன். ஒரு நண்பர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஏறத்தாழ அந்த நேரத்தில் பேட்டரி எடுக்க எழுந்து போனதாகச் சொல்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அணிந்திருந்தது கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும். பதிவில் இருப்பதோ ஏறக்குறைய வெள்ளை. அதோடு, மனிதர் என்றால் உடலூடே கதவு எப்படித் தெரியும்?

இருட்டறை:

நீங்கள் இப்போது எழுதியதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அகச்சிவப்பு ஒளியில் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துணிக்கு ஏற்றும் கறுப்புச் சாயங்களில் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே உறிஞ்சுகின்றன. அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால்தான் நைட் மோடில் எடுத்த படங்களில் கறுப்புச் சட்டைகள் வெளிறிய சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரிகின்றன. மரத்தின் இலைகள் வெண்மையாகத் தெரிவதும் அவை அகச்சிவப்பை நன்றாகப் பிரதிபலிப்பதால்தான்.

ஊடுருவித் தெரிவதற்குக் காரணம் ஷட்டர். பழைய கைக்கேமராக்களின் நைட் மோடு, வெளிச்சம் போதாதபோது ஷட்டரைக் கால் விநாடி வரைகூடத் திறந்து வைக்கும். அந்தக் கால் விநாடியில் நண்பர் கதவைக் கடந்துபோனால், பாதி நேரம் அவரும் பாதி நேரம் அவருக்குப் பின்னிருந்த கதவு நிலையும் ஒரே பிரேமில் பதிவாகிவிடும். 1860-களில் வில்லியம் மம்லர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், இறந்துபோன உறவினர்களின் உருவங்களோடு படம் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பேர்பெற்றார். 1869-இல் நியூயார்க்கில் மோசடி வழக்கில் நிறுத்தப்பட்டு, போதிய ஆதாரம் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். ஒரே தகட்டில் இருமுறை ஒளிபடச் செய்தால் அத்தகைய உருவங்கள் கிடைக்கும் என்பது அந்த வழக்கில் பேசப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. அவர் செய்ததாகச் சொல்லப்பட்டதை உங்கள் கேமரா யாரும் கேட்காமலே செய்திருக்கிறது.

சோதித்துப் பாருங்கள்: அதே இடம், அதே சட்டை, அதே நண்பர், அதே நைட் மோடு.

வெப்பக்கண்:

தெர்மல் கேமராவைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். கூடம் ஒன்றின் கோடியில் மனித உருவம் ஒன்று மஞ்சளாக ஒளிர்ந்தபடி என்னையே பார்த்து நின்றதைக் கண்டு எனக்கு வியர்த்துவிட்டது. நான் ஓரடி பின்வாங்கினேன், அதுவும் பின்வாங்கியது. கையைத் தூக்கினேன், அதுவும் தூக்கியது. அங்கே இருந்தது ஒரு கண்ணாடிக் கதவு. தெர்மல் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைகளை. அந்த அலைகள் சாதாரணக் கண்ணாடியைக் கடக்காமல், ஓரளவு பிரதிபலித்துவிடும். நம் கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரியும் கதவு, அதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி. மெருகேறிய உலோகத் தகடும் அப்படியே.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, பரப்புகளின் வெப்பத்தையே காட்டும். ஆகையால் அறையின் நடுவே ஏதோ குளிர்ந்து நிற்கிறது என்பதை அதைக் கொண்டு சொல்ல முடியாது. சுவரில் கையை ஊன்றி எடுத்தால் விரல்களின் தடம் சற்று நேரம் அப்படியே ஒளிர்ந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்தே பலர் பயந்திருக்கிறார்கள். எளிதில் கிடைக்கும் கருவிகள் பலவற்றில் தெளிவு 160-க்கு 120 புள்ளிகள் அளவிலும், வேகம் விநாடிக்கு 9 பிரேம்களுக்குக் குறைவாகவும் இருக்கும். துணைக்கருவியாக வைத்துக்கொள்ளலாம், முதல் கேமராவாக வேண்டாம்.

குச்சி உருவங்களை வரைந்து காட்டும் எஸ்.எல்.எஸ். கேமராவையும் யாரேனும் பரிந்துரைப்பார்கள். அந்தக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது, 2010-இல் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக்காக வந்த கினெக்ட் சென்சார். எதிரே மனித உடல் இருக்கிறது என்று எதிர்பார்த்து அதன் மூட்டுகளைத் தேடும்படி எழுதப்பட்ட மென்பொருள் அது. துணி போர்த்திய நாற்காலியைக் காட்டினால் நாற்காலிக்கும் கைகால் வரைந்துவிடும்.

ஒலிவாங்கி:

படத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள், நான் ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன். ஒலி அளவைக் கையால் நிறுத்திவைக்க முடியாத கேமராவை வாங்காதீர்கள். தானியங்கி முறையில், அறை அமைதியாக ஆக ஆகக் கேமரா ஒலியைத் தானே பெருக்கிக்கொண்டே போகும். கடைசியில் லென்ஸ் மோட்டாரின் முனகலும் உங்கள் மூச்சும் யாரோ கிசுகிசுப்பதைப் போலக் கேட்கும். வெளி மைக் செருகுவதற்கான துளையும் இருக்க வேண்டும்.

29 நிமிடக் கதைக்கும் பேய்க்கும் தொடர்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வகைப்பாட்டில், 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி வீடியோ கேமராவாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளானது. அதைத் தவிர்க்கவே புகைப்படக் கேமராக்களில் அந்த வரம்பை வைத்தார்கள். இரவு முழுவதும் ஓட வேண்டுமென்றால் வீடியோ கேமராவே பொருத்தம். நீண்ட பதிவை 4 ஜிபி துண்டுகளாக அது பிரித்து வைத்தால் கலங்காதீர்கள், அது மெமரி கார்டின் கோப்பு முறையால் வருவது. குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இயல்பே என்பதால், பவர் பேங்கிலிருந்து ஓடக்கூடியதாகப் பாருங்கள்.

இருட்டறை:

முழு நிறமாலைக் கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதை நீக்கிவிட்டு வெறும் கண்ணாடியைப் பொருத்தினால் கிடைப்பதுதான் முழு நிறமாலைக் கேமரா. அதில் மாயம் எதுவும் இல்லை. வெளிச்சமே இல்லாத அறையில் விளக்கின்றி அதுவும் குருடுதான். பகலில் எடுத்தால் நிறங்கள் திரிந்துபோகும். வடிகட்டியை வேண்டும்போது விலக்கி, வேண்டாதபோது திரும்பக் கொண்டுவரும் நைட் மோடு உள்ள கேமராவே மேல்.

நான் கேட்கும் தகுதிகள் இவ்வளவே: ஃபோகஸ், ஷட்டர், கெய்ன் (சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) ஆகிய மூன்றையும் கையால் பூட்ட முடிய வேண்டும், பிட் ரேட்டை, அதாவது விநாடிக்குப் பதிவாகும் தரவின் அளவை, உயர்த்தி வைக்க முடிய வேண்டும். குறைந்த பிட் ரேட்டில் இருண்ட பகுதிகள் கட்டங்கட்டமாகச் சிதைந்து நெளியும், அந்த நெளிவில் நம் மனம் முகங்களைப் பார்த்துவிடும். ஃபோகஸை அகச்சிவப்பு விளக்கு எரியும்போதே பிடித்துப் பூட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் பிடித்தது இரவில் சற்று விலகிப்போகும்.

விலையுயர்ந்த ஒன்றுக்குப் பதிலாக எளிய கேமராக்கள் இரண்டை வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஒரே இடத்தை இரு கோணங்களில் நோக்கி இரண்டையும் முக்காலியில் நிறுத்தி, தொடக்கத்தில் இரண்டுக்கும் முன்னால் ஒருமுறை கைதட்டிக்கொண்டால் பின்னர் பதிவுகளின் நேரத்தைப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு லென்ஸுக்கு முன்னால் பறக்கும் தூசியோ பூச்சியோ மற்றதில் அதே இடத்தில் தெரியாது. அறையில் உண்மையாகவே ஏதேனும் நின்றால் இரண்டிலும் தெரிந்தாக வேண்டும்.

தூசிதட்டி:

முக்காலியில் வைக்கும்போது அசைவுத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். அது இல்லாத அசைவைத் திருத்தப் போய்ப் படத்தை மெல்ல நகர்த்தும், நீங்கள் கதவு நகர்ந்தது என்பீர்கள்.

நள்ளிரவு நடை:

நேற்றிரவு அதே தாழ்வாரத்தில் சோதித்தோம். உள்விளக்கை அணைத்து, இரவல் வாங்கிய 850 விளக்கு ஒன்றைச் சுவரோரமாகத் தள்ளி வைத்ததும், இரண்டு மணி நேரப் பதிவில் ஒரே ஓர் உருண்டைதான் வந்தது. அதற்கும் சிறகு இருந்தது.

பிறகு நண்பரை அதே கறுப்புச் சட்டையில் கதவருகே நடக்கச் சொன்னேன். மெதுவாக நடந்தபோது கேமராவின் சிறு திரையில் அவர் சட்டை ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். வேகமாக நடக்கச் சொன்னேன்: அவருடைய மார்பின் ஊடே கதவு நிலையின் கோடு, சென்ற மாதம் தெரிந்த அதே இடத்தில், அப்படியே தெரிந்தது. ஷட்டரை 1/50 விநாடிக்கு மாற்ற முடியுமா என்று பட்டியல் முழுவதும் தேடினேன். இந்தக் கேமராவின் நைட் மோடில் அந்த வசதியே இல்லை.

எனவே கையால் பூட்டும் வசதியுள்ள ஒரே மாதிரியான வீடியோ கேமராக்கள் இரண்டும், தனி விளக்குகள் இரண்டும் வாங்குவதாக முடிவு செய்துவிட்டோம். தெர்மல் கேமரா இப்போதைக்கு வேண்டாம். அந்த 2.40 பதிவை நான் அழிக்கவில்லை. கோப்பின் பெயரை மட்டும் ‘பேட்டரி எடுக்கப் போனவர்’ என்று மாற்றி வைத்திருக்கிறேன்.