ஏரியோட கொள்ளளவைக் கூட்ட: தூர் வாருவதா, கோடியை உயர்த்துவதா?

(கோடின்னா ஏரி நிரம்பினதும் மிச்சத் தண்ணி வழியற இடம். மதகடி, பாலாற்றங்கரை, வரத்துக்கால்ங்கற பேர்ல மூணு பேர் பேசறாங்க.)

மதகடி:
தூர் வாரிட்டா ஏரி நிறைய தண்ணி பிடிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. கணக்கு அப்படி வரல. குடியாத்தம் பக்கம் இருக்கற மாதிரி நடுத்தர ஏரி ஒண்ணை வெச்சுக்குவோம்: கோடி மட்டத்துல நீர்ப்பரப்பு 100 ஏக்கர், மதகு அடிமட்டத்துல 25 ஏக்கர், நடுவுல 9 அடி. 100, 25, ரெண்டையும் பெருக்கின வர்க்கமூலம் 50. இதைக் கூட்டி 9-ஆல பெருக்கி 3-ஆல வகுத்தா 525 ஏக்கர் அடி, அதாவது 22.9 மில்லியன் கன அடி. இதுல மேல் ஒரு அடியில மட்டும் 4.1 மில்லியன் நிக்குது. அடியில உள்ள ஒரு அடியில 1.2 தான். கோடியை ஒரு அடி ஏத்தினா 4.6 மில்லியன் கூடும். அதையே மண்ணா அள்ளணும்னா 46,000 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). 3 யூனிட் டிப்பர்ல 15,000 நடைக்கு மேல. வெட்டின மண் உப்பும், அதனால நடை இன்னும் ஏறும்.

மோர்தானா அணை உயரம் 11.5 மீட்டர் (சுமார் 38 அடி), கொள்ளளவு 261.36 மில்லியன் கன அடி. காவேரிப்பாக்கம் ஏரி 30.65 அடிதான், ஆனா அதைப் போல அஞ்சு மடங்குக்கு மேல பிடிக்கும். ஆழம் இல்லீங்க, பரப்புதான் பேசுது.

பாலாற்றங்கரை:
அண்ணா, கோடி ஒரு அடி ஏறினா பரப்பு 111 ஏக்கர் ஆயிடும். அந்த 11 ஏக்கர் உள்வாயில (ஏரிக்குள்ள தண்ணி வந்து சேர்ற பக்கம்) பட்டா நிலம் இருந்தா? கரையையும் ஏத்தியாகணும். ரெண்டு பக்கமும் 2-க்கு 1 சரிவுன்னா (2 அடி அகலத்துக்கு 1 அடி உயரம்), ஒரு அடி உயரத்துக்கு அடிப்பகுதி 4 அடி அகலமாகணும். நிறைய இடத்துல மேல மட்டும் மண்ணைக் கொட்டிட்டுப் போயிடறாங்க. பழைய கரையில புல்லைச் செதுக்கி, படி வெட்டி, அரை அடி அரை அடியா போட்டு, தண்ணி தெளிச்சு ரோலர் ஓட்டலேன்னா, புது மண் முதல் மழையிலயே பழசுல இருந்து வழுக்கிட்டு இறங்கும்.

அதோட நம்ம மாவட்டத்துல ஆயக்கட்டுலயே (ஏரிப் பாசன நிலம்) நிறைய கிணத்துப் பாசனம். தூர் வாரி ஆழப்படுத்தினா மதகுக்குக் கீழ நிக்கற தண்ணியும் வீண் இல்ல, கிணத்துல ஊறும்.

மதகடி:
கிணத்துக்கு ஊறுறது உண்மைதாங்க, அதை ஒத்துக்கறேன். ஆனா அதை மதகுப் பாசனக் கொள்ளளவுன்னு எழுதறது தப்பு. மதகு அடிமட்டத்துக்குக் கீழ உள்ள தண்ணி மதகு வழியா ஒரு சொட்டும் வராது. அப்புறம் எங்க தோண்டறாங்கன்னு பாருங்க. வரத்துக்கால் (ஏரிக்குத் தண்ணி கொண்டு வர்ற வாய்க்கால்) வந்து சேர்ற உள்வாயிலதான் மணலும் வண்டலும் மேடாகுது. லாரி போக வசதின்னு வெட்டறது கரையடியில. அங்க படிஞ்ச களிமண்தான் கசிவைத் தடுக்குது. அதை எடுத்துட்டா கரைக்கு வெளிப்புறம் ஊத்து வரும். தெளிவா வந்தா உடனடி பயமில்ல, ஆனா கவனிச்சுக்கிட்டே இருக்கணும். கலங்கலா வந்தா உள்ளுக்குள்ள மண்ணை அரிச்சுட்டு வருதுன்னு அர்த்தம். அப்போ அதை அடைக்கக் கூடாது. மேல மணல், ஜல்லின்னு அடுக்கி, தண்ணியை வெளிய விட்டு, மண்ணை மட்டும் நிறுத்தணும். ஏரி மட்டத்தையும் இறக்கணும்.

வரத்துக்கால்:
ரெண்டு பேரும் ஏரிக்குள்ளயே நிக்கறீங்க. வரத்துக்கால்ல நொடிக்கு 20 கன அடி தண்ணி வந்தா, ஒரு நாளைக்கு 17 லட்சத்து 28 ஆயிரம் கன அடி. மேல சொன்ன ஏரி 13 நாள்ல நிரம்பும். சீமைக்கருவேல் மூடி 8 கன அடியா குறைஞ்சா 33 நாள். அவ்வளவு நாள் வெள்ளம் ஓடாது. நிரம்பாத ஏரியில கோடியை ஏத்தி யாருக்கு லாபம்?

பாலாற்றங்கரை:
அது சரிங்க சார். கோடியை சிமெண்ட் போட்டு நிரந்தரமா ஏத்தறதுக்கு பழைய கலங்கல் (தண்ணி வழியற கோடிச் சுவர்) முறையே மேல். கலங்கல் மேல வரிசையா நட்ட கல்லு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை புயல் மழையில கல் இடுக்கு திறந்தே இருக்கணும். மார்கழியில மழை ஓஞ்சதும் வைக்கோல், களிமண், பலகை வெச்சு அடைச்சா கடைசி வரத்து ஒரு அடி கூடுதலா நிக்கும்.

மதகடி:
அடைப்பை முன்கூட்டியே போட்டுட்டு, புயல் வரும்போது பலகையைப் பிடுங்க ஆள் இல்லேன்னா கரை உடையும். யார் பொறுப்புன்னு பேரோட முடிவாகாம பலகை வைக்கக் கூடாது. அந்த ஒரு நிபந்தனைக்கு சம்மதம்னா நானும் கோடியை ஏத்தச் சொல்லல.