பைக்குக்குப் புது பிரேக் பேட் போட்டும் பிரேக் பிடிக்காத அந்த ஒரு தடவை – உங்களுக்கும் நடந்திருக்கா?

மூணாவது கியர்

ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

முன்பக்க பேட் (சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற கட்டை) தேய்ஞ்சுபோச்சு, மாத்த வேண்டி வந்துச்சு. ரேஸ் டிராக்குக்குன்னே செய்யுற பேட் ஒண்ணு என் மாடலுக்கும் கிடைக்குதுன்னு தெரிஞ்சுது. தெருவுல ஓட்டுறவனுக்கு அது எதுக்குன்னு யாரும் கேக்கல. நானும் கேட்டுக்கல. போட்டாச்சு. ரெண்டு நாள் நல்ல வெயில்ல ஓட்டினேன், பிரமாதம். ஒத்த விரல்ல நிக்குது.

மூணாவது நாள் விடியக்காலை. ராத்திரி தூறல் போட்டிருந்துச்சு. வண்டி எடுத்து அரை கிலோமீட்டர் கூட ஆகல. முக்கு திரும்பினா ஒரு பையன் சைக்கிளை நிறுத்திட்டு ரோட்டு நடுவுல நிக்கிறான். நான் 40-ல இருப்பேன். லீவரை இழுத்தேன். லீவர் கல்லு மாதிரி இறுகி நிக்குது, வண்டி மட்டும் போயிட்டே இருக்கு. டிஸ்க்குல மரக்கட்டையை வச்சு அமுக்கினா எப்படி இருக்கும், அப்படி. நாலு விரலையும் போட்டு நசுக்கினேன். பின் பிரேக்கை மிதிச்சதும் பின்சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு போச்சு.

நின்னப்போ என் டயருக்கும் அவன் பெடலுக்கும் நடுவுல ஒரு சாண். அவன் நிமிர்ந்தே பார்க்கல. குனிஞ்சு, கழண்ட செயினை விரலால மாட்டிட்டு இருந்தான். நான் வந்ததும் தெரியாது, நின்னதும் தெரியாது. திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

ஸ்பானர் பதினாலு

தம்பி, பேட் மேல பழி போடாதீங்க. நீங்க அதை டிஸ்க்குக்குப் பழக்கவே இல்லை, அதுதான் கதை. நானும் ஒரு தடவை அவசரத்துல பழக்காம ஓட்டி, சிக்னல்ல முன்னாடி நின்ன காரோட பம்பரை முத்தமிட்டவன்தான். அதனால சொல்றேன்.

புது பேட் போடுறதுக்கு முன்னாடி பழைய பேட் டிஸ்க்குல விட்டுட்டுப் போன படிவத்தை எடுக்கணும். உப்புத்தாளை வச்சு லேசா, வட்டத்தோட ஓட்டத்துலயே தேய்க்காம குறுக்கும் நெடுக்குமா தேய்ச்சு, பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைங்க. அப்புறம் ஆள் இல்லாத ரோட்டுல 50-லேர்ந்து 15 வரைக்கும் மிதமா பிரேக் போட்டுக் குறைங்க. முழுசா நிக்கக் கூடாது. திரும்ப 50. இப்படி ஒரு 15, 20 தடவை, நடுநடுவுல ஆற விட்டு. சூடா இருக்கும்போது நின்னு லீவரைப் பிடிச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா அந்த இடத்துல மட்டும் பேட் அப்பிக்கும். அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் லீவர் துடிக்கும், ஜனங்க டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு சொல்லி புது டிஸ்க் வாங்குவாங்க. பாதி நேரம் வளைஞ்சே இருக்காது.

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு யார் பின்னாடியும் ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க. பேட்டை வச்சு அமுக்குற கிடுக்கி இருக்கே, காலிப்பர், அது நகர்றதுக்கான பின் எல்லாம் கழட்டிச் சுத்தம் பண்ணி, பிரேக்குக்குன்னு வர்ற கிரீஸ் போடுங்க. கண்ட கிரீஸைப் போட்டா ரப்பர் உப்பிக்கும். பின் இறுகிட்டா ஒரு பக்க பேட் காகிதம் மாதிரி தேய்ஞ்சிருக்கும், இன்னொண்ணு புதுசாவே இருக்கும். இதையெல்லாம் பார்த்தீங்களா?

பழைய இரும்பு

முப்பது வருடமாக என் வண்டி வேலையை நானேதான் செய்கிறேன். அந்தத் திமிரில் நடந்தது இது.

புது பேட் தடிமனாக இருக்கும், உள்ளே நுழையாது. அதனால் பேட்டை அமுக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினேன். பேட்டை மாட்டினேன், போல்ட்டை முறுக்கினேன், கையைத் துடைத்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து வீட்டுச் சரிவில் இறக்கினேன். கீழே கேட். லீவரைப் பிடித்தேன். எந்தத் தடையும் இல்லாமல் அது கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒன்றுமே இல்லாத லீவர். அந்த உணர்வை எப்படிச் சொல்வது? மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போமே, அது.

தள்ளிய பிஸ்டன் திரும்ப வெளியே வந்து பேட்டைத் தொடும் வரை லீவரை நின்ற இடத்திலேயே பத்துப் பதினைந்து முறை அடிக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கேட்டில் பள்ளம் இன்னும் இருக்கிறது. தட்டி நிமிர்த்தலாம் என்றால் மகள் விடமாட்டேன் என்கிறாள்.

செயின் லூப்

என் கதை சின்னது, கேவலமானது.

செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கு மேலயும் பட்டிருச்சு. கவனிக்கல. மறுநாள் பின் பிரேக் வெறும் கால் வைக்கிற பலகை. துடைச்சுப் பார்த்தேன், சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்தேன். அப்புறம் யாரோ சொன்னாங்க, நெருப்புல காட்டினா எண்ணெய் எரிஞ்சு போயிடும்னு. பேட்டைக் கழட்டி இடுக்கியால பிடிச்சு கேஸ் அடுப்புல காட்டினேன். முதல்ல பேட் ஓரமா பொடிப்பொடியா எண்ணெய் வேர்த்துச்சு, வேர்வை மாதிரியே. ஆஹா வேலை செய்யுதுடான்னு நினைக்கும்போதே புகை. வீடு முழுக்க ரப்பரும் பிசினும் எரிஞ்ச நாத்தம். ரெண்டு நாள் யாரும் என்கூடப் பேசல.

மாட்டிப் பார்த்தா அப்பவும் பிடிக்கல, கூடவே கீச் கீச்னு சத்தம் வேற. குப்பையில போட்டுட்டுப் புதுசு வாங்கினேன். எண்ணெய் குடிச்ச பேட்டைத் திரும்ப ஆளாக்க முடியாது. முன் ஷாக்கோட எண்ணெயை அடைச்சு வைக்கிற ஃபோர்க் சீல் ஒழுகி முன் பேட்டுல இறங்கினாலும் இதே கதிதான்.

ஈரத்தார்

ஸ்பானர் அண்ணா, பழக்கினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றீங்க. ஒத்துக்க மாட்டேன். என் பேட் ஒரு வருஷம் பழகின பேட்.

தினம் ஆபீஸுக்கு வண்டிதான், மழை வெயில் பார்க்கிறதில்லை. முன்னாடி ஆர்கானிக் போட்டிருந்தேன், நாரும் பிசினும் சேர்த்து அழுத்தினது. காய்ஞ்ச ரோட்டுல அதுக்கு ஈடே கிடையாது. சத்தம் இல்லை, லீவரை எவ்வளவு இழுத்தோமோ அவ்வளவு பிடிக்கும். ஆனா கொட்டுற மழையில ஒரு நாள், முன்னாடி போன பஸ் நின்னுது. பிடிச்சேன். ஒண்ணும் இல்லை. மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணுற நேரம், ஒண்ணுமே இல்லை. தண்ணியை வழிச்சு முடிச்சதும் திடீர்னு கவ்விச்சு பாருங்க, முன்சக்கரம் ஒரு நொடி பூட்டிக்கிச்சு. பஸ்ஸோட பின் விளக்கு ஹெல்மெட் கண்ணாடியில சிவப்பா வழிஞ்சது மட்டும் ஞாபகம் இருக்கு. எப்படி நிமிர்ந்தேன்னு தெரியல.

60-ல போனா விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். பேட் அரை விநாடி யோசிச்சாலே 8 மீட்டர் போச்சு.

அப்புறம் சின்டர்டுக்கு மாறினேன். செம்பு மாதிரி உலோகத் தூளைச் சூட்டுல இறுக்கி செய்யுறது. மழையில முதல் இழுப்புலயே ஏதோ ஒண்ணு கிடைக்குது. காலையில கொஞ்சம் கத்தும், டிஸ்க்கையும் கூடத் தின்னும். தின்னட்டும். இப்பவும் மழையில சிக்னல் வர்றதுக்கு முன்னாடியே லீவரை லேசா உரச விட்டு டிஸ்க்கைக் காய வச்சுக்குவேன். அந்தப் பயம் போகல.

ரெண்டு எழுத்து

மூணாவது கியர் சொன்னது எனக்கும் நடந்தது, மலைப்பாதையில் பனிக்காலத்தில். வளைவில் நேராகப் போய்ப் புதரில் நின்றேன். அவ்வளவுதான்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பல பேட்களின் முதுகில் ரெண்டு ஆங்கில எழுத்து இருக்கும், எஃப்எஃப், ஜிஜி, ஹெச்ஹெச் என்று. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே866 முறைப்படி வைத்த குறியீடு. உராய்வு எண், அதாவது பேட் எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு, 0.35 முதல் 0.45 வரை என்றால் எஃப், 0.45 முதல் 0.55 வரை ஜி, அதற்கு மேல் ஹெச். முதல் எழுத்து மிதமான சூட்டில் எப்படி, ரெண்டாவது எழுத்து கடும் சூட்டில் எப்படி. முதல் எழுத்து கூடுதல் பிடிப்பையும் ரெண்டாவது குறைவான பிடிப்பையும் காட்டினால் சூடேறச் சூடேறப் பிடிப்பு குறையும் என்று அர்த்தம்.

எல்லாரும் ஹெச்ஹெச் என்றால் உச்சம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார்கள். முதலாவது, எஃப், ஜி எழுத்துக்குள்ளேயே 0.10 இடைவெளி இருக்கிறது, ஹெச்சுக்கு மேல்வரம்பே இல்லை. ரெண்டு ஹெச்ஹெச் பேட் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரெண்டாவது, அந்த அளவீடு தொடங்குவதே சுமார் 93 டிகிரியில். விடியற்காலையில் வண்டியை எடுத்து முதல் முக்கில் பிடிக்கும் பிரேக்குக்கு அந்த எழுத்துகள் பொறுப்பே இல்லை. மூணாவது, பேட் எத்தனை நாள் உழைக்கும், டிஸ்க்கை எவ்வளவு தின்னும், கத்துமா என்பதெல்லாம் அதில் இல்லை.

பழைய வண்டியில் வார்ப்பிரும்பு டிஸ்க் இருந்தால் சின்டர்டு பக்கமே போகாதீர்கள். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும், அதையும் அளந்து பாருங்கள். பின்பக்கத்துக்கு வேறு வகை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. பிரேக் போட்டதும் எடை முன்னால் போய்விடும், பின்சக்கரம் சுலபமாகப் பூட்டிக்கொள்ளும், அதனால் பின்னால் சாதுவான ஆர்கானிக்கே மேல். ஆனால் முன்னால் ரெண்டு டிஸ்க் உள்ள வண்டியில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று போடவே போடாதீர்கள்.

செயின் லூப்

அண்ணே, புதர்ல நின்னீங்களே, அப்புறம் எப்படி வெளியே வந்தீங்க? அதைச் சொல்லாம பாடம் எடுத்துட்டுப் போயிட்டீங்க.

ரெண்டு எழுத்து

இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். முட்செடி.

பின்சீட்டுக்காரன்

எல்லாரும் பேட் பேட்னே பேசுறீங்க. என் அனுபவத்துல பேட் நிரபராதி.

ரெண்டு பேர், ரெண்டு பை, மலை இறக்கம். ஓட்டினது என் மச்சான். மேல் கியர்ல விட்டுட்டு முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினான். கியரைக் குறைச்சா இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும், அந்த இன்ஜின் பிடிப்புன்னு ஒண்ணு இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. பாதி தூரத்துல தீய்ஞ்ச வாடை வந்துச்சு. நான் லாரியில இருந்து வருதுன்னு நினைச்சேன். அடுத்த வளைவுல மச்சான் திரும்பிப் பார்த்து, ரொம்ப நிதானமா, "மாப்ள, பிரேக் இல்ல"ன்னான். அந்த நிதானம்தான் இன்னும் கனவுல வருது.

கியரைக் குறைச்சு, பின் பிரேக்கை விட்டு விட்டு மிதிச்சு, மண் ஓரமா ஏத்தி நிறுத்தினான். லீவர் பஞ்சு மாதிரி உள்ள போகுது. அரை மணி நேரம் ஆற விட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப வந்துருச்சு.

பேட் சூட்டுல தோத்தா லீவர் இறுக்கமாவே இருக்கும், வண்டிதான் நிக்காது. லீவரே உள்ள போச்சுன்னா, லீவரோட அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுபோற பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாயிருக்குன்னு அர்த்தம். டாட் 4-ங்கிற தரத்து ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்குமாவது தாங்கணும். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து அது 155 வரைக்கும் இறங்கிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்றது அதுக்குத்தான். மச்சான் வண்டியில அஞ்சு வருஷமா மாத்தவே இல்லை. திறந்து பார்த்தா கஷாயம் நிறத்துல இருந்துச்சு.

ஸ்பானர் பதினாலு

அதைத்தானே நானும் சொல்றேன், பேட் மேல பழி போடாதீங்கன்னு.

ஈரத்தார்

என் பஸ் விஷயத்துக்கு ஆயிலும் காரணம் இல்லை, பழக்கமும் காரணம் இல்லை அண்ணா. மழை, அந்த பேட். அவ்வளவுதான்.

கிர்ர்

விலை கம்மியா கிடைச்ச ஒரு டப்பா. மேல இருந்த எழுத்து எல்லாம் அசல் மாதிரியே. மூணாவது மாசம் பிரேக் போட்டா கிர்ர்னு இரும்பு அறுக்கிற சத்தம். கழட்டினேன். லைனிங், அதான் டிஸ்க்குல உரசித் தேயுற பகுதி, தேயவே இல்லை, முழுசா இருக்கு. ஆனா அது ஒட்டியிருக்க வேண்டிய இரும்புத் தகடு தனி, லைனிங் தனி. ஒட்டு விட்டு, உதட்டுல இருந்து பொருக்கு உரியுற மாதிரி கையோட வந்துருச்சு. அந்தப் பக்கம் தகடுதான் டிஸ்க்கைப் பிடிச்சிட்டு இருந்திருக்கு. டிஸ்க்குல விழுந்த கோடு விரல் நகம் உள்ள போற ஆழம்.

லைனிங்ல எத்தனை மி.மீ. இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு நிம்மதியா இருந்தேன். ஒட்டிக்கிட்டு இருக்கான்னு யார் பார்ப்பா?

மூணாவது கியர்

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். ஸ்பானர் அண்ணே, பழக்கினேன். முதல் நாளே, நீங்க சொன்ன மாதிரியே. ஆள் இல்லாத ரோட்டுல, ஆற விட்டு ஆற விட்டு. பேட் சூடா இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அரை கிலோமீட்டர்ல அது சூடாகல, அவ்வளவுதான். ரெண்டு எழுத்து அண்ணன் சொன்ன 93 டிகிரியைப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு.

இன்னொண்ணு. மேல தேய்ஞ்சுபோச்சுன்னு எழுதினேன் இல்ல, அது பொய். கழட்டின பேட்டுல 3 மி.மீ. மிச்சம் இருந்துச்சு. வண்டியோட வந்த சாதாரண பேட், ஒரு நாளும் தகராறு பண்ணதில்லை. நண்பன் வண்டியில பளபளன்னு காலிப்பர் இருந்துச்சு, எனக்கும் ஏதாவது மாத்தணும்னு தோணிச்சு. அன்னைக்குச் சாயங்காலமே பழசைத் திரும்ப மாட்டிட்டேன். அதுலயே இன்னும் ஏழு மாசம் ஓட்டினேன். ரேஸ் பேட் டப்பாவோட மேஜை டிராயர்ல கிடக்கு.

செயின் லூப்

அது எந்த மாடலுக்கு உள்ளது? சும்மாதானே கிடக்கு.

மூணாவது கியர்

தர மாட்டேன்.