வீட்டை 360 டிகிரியில் சுற்றிக் காட்டும் மென்பொருளை முதலில் செய்தது யார்?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரில் வாடகை வீடுகளை 360 டிகிரியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றித் தரும் சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். யார் கண்டுபிடித்தது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆபீஸில் ஒருவர் மேட்டர்போர்ட் என்கிறார், இன்னொருவர் ஆப்பிள் என்கிறார், எங்கள் முதலாளியோ டென்னசியில் இருந்த ஒரு பழைய கம்பெனி என்கிறார். யார் பெயரைச் சொல்வது?

ஃபிஷ்ஐ:
உங்கள் முதலாளி சொல்வது ஐபிக்ஸ். வீடு விற்பனை என்று வந்தால் என் ஓட்டும் அவர்களுக்குத்தான். ஆனால் அவர்கள் வீட்டை நினைத்து ஆரம்பிக்கவே இல்லை. டெலிரோபாட்டிக்ஸ் இன்டர்நேஷனல் என்ற பெயரில், தூரத்திலிருந்து இயக்கும் ரோபோக்களுக்குக் கண் செய்துகொண்டிருந்தார்கள், நாசாவுக்கும் வேலை செய்தார்கள். கேமராவை மோட்டார் வைத்துத் திருப்பினால் நேரம் பிடிக்கும், மோட்டாரும் பழுதாகும். அதற்குப் பதிலாக ஃபிஷ்ஐ லென்ஸால் எதிரே இருக்கும் அரைக்கோளம் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்துவிட்டு, பார்ப்பவர் எந்தப் பக்கம் கேட்கிறாரோ அந்தத் துண்டை மட்டும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நேராக்கிக் காட்டும். கேமரா அசையாது, பார்வை மட்டும் திரும்பும். ஸ்டீவன் ஸிம்மர்மன் பெயரில் 1993-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இது வீட்டுக்கு எவ்வளவு பொருந்தியது பாருங்கள். ஹால் நடுவில் ட்ரைபாட், முன்னால் ஒரு படம், திருப்பி வைத்துப் பின்னால் ஒரு படம், இரண்டையும் ஒட்டினால் முழுக்கோளம். கூரையில் இருக்கும் ஃபேனையும் பார்க்கலாம், தரையில் உடைந்த டைல்ஸையும் பார்க்கலாம். அன்றைக்கு 56 கே மோடம்தான், 200 கேபி படம் இறங்கவே அரை நிமிடம் ஆகும். அந்த வேகத்திலும் அமெரிக்க வீட்டு முகவர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். இதே தொழிலில் இருந்த பாம்பூ டாட் காமும் ஐபிக்ஸும் 2000 தொடக்கத்தில் ஒன்றாகிவிட்டன. 2006-ல் கம்பெனி திவாலானது.

பழைய மேக்:
ஃபிஷ்ஐ சொன்னதில் தவறில்லை, ஆனால் பாதிக் கதைதான். ஒரு அறையைச் சுற்றிப் பார்ப்பது வேறு, கதவைக் கிளிக் செய்து அடுத்த அறைக்குப் போவது வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் அதை வீடு சுற்றல் என்றே சொல்ல முடியாது. அதைச் சாதாரண கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது ஆப்பிளின் குவிக்டைம் விஆர் மென்பொருள், 1995. அதை உருவாக்கிய எரிக் சென் அதே ஆண்டு சிக்ராஃப் என்ற கம்ப்யூட்டர் வரைகலை மாநாட்டில் கட்டுரையும் கொடுத்தார். அவர்கள் முறையில் நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பித் திருப்பிப் பல படங்கள் எடுத்து உருளையாக ஒட்டுவார்கள், அதனால் நேர் மேலேயும் கீழேயும் பார்க்க முடியாது.

இன்னும் பின்னால் போனால், எழுபதுகளின் கடைசியில் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்காரர்கள் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரத்துத் தெருக்களைக் காரில் கேமரா கட்டிப் படமெடுத்து வீடியோ டிஸ்க்கில் போட்டிருந்தார்கள். திரையைத் தொட்டால் இடது வலது திரும்பலாம், சில கட்டடங்களுக்குள் நுழையவும் செய்யலாம். பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா.

முக்கியமாக ஹெல்முட் டெர்ஷ் பெயரை விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் ஃபுர்ட்வாங்கன் கல்லூரிப் பேராசிரியர். 1998-ல் படங்களை ஒட்டிச் சுற்றுக்காட்சியாக்கும் பனோரமா டூல்ஸ் என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். ஐபிக்ஸ் காப்புரிமையைக் காட்டி மிரட்டியது, அவர் தன் தளத்திலிருந்து அதை எடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. ஆனால் அவர் எழுதிய கணக்கை மற்றவர்கள் எடுத்து வளர்த்தார்கள், இன்று இலவசமாகக் கிடைக்கும் ஹியூகின் என்ற படம் ஒட்டும் மென்பொருள் அதன்மேல் எழுந்ததுதான்.

சர்ஜாபூர் ரோடு:
வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இவை எல்லாமே படம்தான், அளவு கிடையாது. நான் டூரைப் பார்த்து முன்பணம் கட்டிய ஃப்ளாட்டில் கிச்சனுக்குப் பின்னால் இருக்கும் யுட்டிலிட்டி தாராளமாகத் தெரிந்தது. நேரில் போனால் வாஷிங் மெஷின் கதவைத் திறந்துவிட்டு ஆள் நிற்க இடமில்லை. அகல லென்ஸில் சின்ன இடமும் விரிந்துதான் தெரியும்.

அந்தக் குறையைத் தீர்த்ததால்தான் மேட்டர்போர்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2010-ல் வந்த கினெக்ட் என்ற மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் கேமரா அகச்சிவப்பு ஒளியை வீசித் தூரத்தை அளந்தது. அந்த வகைத் தொழில்நுட்பத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது 2011-ல் தொடங்கிய மேட்டர்போர்ட் கம்பெனி. படத்தோடு ஆழமும் பதிவாவதால் சுவருக்குச் சுவர் எத்தனை அடி என்று டூரிலேயே பார்க்கலாம். அவர்கள் முதலில் செய்தவர்கள் இல்லை, ஆனால் வாங்குகிறவனுக்கு உண்மையில் உதவியவர்கள்.

பிள்ளைகளிடம் வீடு கட்டி விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் ரேரா சட்டத்தையும் சொல்லுங்கள். 2016 சட்டத்தின் 12-வது பிரிவுப்படி விளம்பரத்திலோ மாதிரி ஃப்ளாட்டிலோ பொய்யைக் காட்டி அதை நம்பிப் பணம் கட்டியிருந்தால் இழப்பீடு கேட்கலாம், வேண்டாமென்று விலகினால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். டூரைப் பார்க்கும்போதே பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் கணக்குக்கு ஸிம்மர்மன், கதவுக்கு ஆப்பிள், அளவுக்கு மேட்டர்போர்ட் என்று பிரித்தே சொல்லப் போகிறேன். அதிக நேரம் டெர்ஷுக்குத்தான். ஹியூகினை வைத்துப் பிள்ளைகள் தங்கள் ஹாஸ்டல் அறையையே போனில் எடுத்து ஒட்டிப் பார்க்க முடியுமா?

பழைய மேக்:
தாராளமாக. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அடுத்தடுத்த படங்கள் கால் பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். அப்புறம், போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்போடு சுற்றக் கூடாது, லென்ஸ் இருந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் கட்டில் கால் ஒட்டும் இடத்தில் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும்.